மின்சாரப் பங்குகளும் கரடிகளும்: ஒரு எண்ணின் கதை

 இந்த எபிசோடில் ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப் போறேன்.

அமெரிக்காவில் எக்ஸ்.எல்.யூ. என்று ஒரு ஈ.டி.எஃப். இருக்கு. எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் உள்ள மின்சாரம், எரிவாயு, குடிநீர் கம்பெனிகள், சுமார் முப்பது, எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிப் பங்கு மாதிரி விற்கிறார்கள். இதில் எவ்வளவு ஷார்ட் ஆகியிருக்கு என்ற கணக்கு மாதம் இரண்டு தடவை வெளியாகும். அந்த எண் கொஞ்சம் ஏறினால் போதும். 'கரடிகள் மின்சாரத் துறையைக் குறிவைக்கின்றன' என்று யாராவது எழுதிவிடுவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1932 ஞாபகம் வருது. ஏன் என்று சொல்றேன்.

முதலில் ஷார்ட் செல்லிங் என்றால் என்ன? ஆடி மாசம் நெல் விலை ஏறிக் கிடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பத்து மூட்டை கைமாற்றாக வாங்கி, அதைச் சந்தையில் விற்றுவிடுகிறீர்கள். தை அறுவடையில் விலை இறங்கினதும் பத்து மூட்டை வாங்கி அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். நடுவில் நிற்கிற காசு உங்களுக்கு. மழை பொய்த்து விலை ஏறிப்போனால் நஷ்டமும் உங்களுக்குத்தான். அவ்வளவுதான் விஷயம். நெல்லுக்குப் பதில் பங்கு. இது புதுசும் இல்லை. 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் ஐசக் லெ மெய்ர் என்ற வணிகர் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளை இப்படி விற்றார், 1610-ல் தடை வந்துவிட்டது. அன்றிலிருந்து விலை இறங்கும்போதெல்லாம் முதலில் திட்டு வாங்குகிறவர் இவர்தான்.

இப்ப சிகாகோவுக்கு வருவோம். சாமுவேல் இன்சல். 1859-ல் லண்டனில் பிறந்தவர். 1881-ல் தாமஸ் எடிசனின் செயலாளராக அமெரிக்கா வந்தார். 1892-ல் சிகாகோ எடிசன் என்ற சின்ன கம்பெனிக்குத் தலைவரானார். மனுஷன் சாமர்த்தியசாலி, அதில் சந்தேகமே இல்லை. பெரிய ஜெனரேட்டர் வைத்து, விலையைக் குறைத்து, ராத்திரி வீட்டு விளக்குக்கும் பகலில் டிராமுக்கும் ஒரே இயந்திரத்தை ஓட விட்டால் மின்சாரம் எல்லாருக்கும் கட்டுப்படியாகும் என்பதைச் செய்து காட்டியவர் அவர். இன்றைக்கு மின்சாரத் துறை நடக்கிற விதத்தில் அவர் கைரேகை இருக்கு.

சிக்கல் மின்சாரத்தில் வரவில்லை, பங்கில் வந்தது. ஊருக்கு ஊர் மின் கம்பெனி. அவற்றை வைத்துக்கொள்ள மேலே ஒரு ஹோல்டிங் கம்பெனி, 1912-ல் தொடங்கிய மிடில் வெஸ்ட் யுடிலிட்டீஸ் மாதிரி. அதற்கும் மேலே 1928 கடைசியில் இன்சல் யுடிலிட்டி இன்வெஸ்ட்மென்ட்ஸ், 1929-ல் இன்னொன்று. ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியின் பங்கை வைத்திருக்கும், கடன் வாங்கியிருக்கும். கீழே லாபம் கொஞ்சம் ஏறினால் மேலே சதவீதத்தில் பல மடங்காகத் தெரியும். இறங்கினாலும் அதே கணக்குதான். 1929-ல் யாரும் அந்த இரண்டாவது பாதியை யோசிக்கவில்லை.

அந்தச் சமயம் கிளீவ்லாந்தைச் சேர்ந்த சைரஸ் ஈட்டன் என்ற முதலீட்டாளர் இன்சல் கம்பெனிகளின் பங்கைச் சத்தமில்லாமல் சேர்க்க ஆரம்பித்தார். கம்பெனி கை மாறிவிடுமோ என்று இன்சலுக்குப் பயம். 1930-ல் ஈட்டனிடம் இருந்ததைச் சுமார் 5.6 கோடி டாலருக்கு வாங்கினார். கையில் அவ்வளவு பணம் ஏது? பெரும்பகுதி கடன், நியூயார்க் வங்கிகளிடமும் வாங்கினது. அடமானம் எது? தன் கம்பெனிப் பங்குகளேதான். பங்கு விலை இறங்கினால் வங்கி இன்னும் கொஞ்சம் பங்கு கேட்கும். அதுவும் தீர்ந்துபோனால்?

1931 செப்டம்பர் 21-ல் பிரிட்டன் தங்க நாணய முறையிலிருந்து விலகியது. நியூயார்க் பங்குச்சந்தை பயந்துபோய் ஷார்ட் செல்லிங்கையே இரண்டு நாள் நிறுத்தி வைத்தது. தடை போன பிறகும் விலைகள் சரிந்துகொண்டே இருந்தன. இன்சல் பங்குகள் மொத்தமும் அடமானத்துக்குள் போயின. இன்சல் பக்கம் நின்றவர்கள் அப்போதும் பிறகும் சொன்னது இது: நியூயார்க் கரடிகளுக்கு அடமானக் கணக்கு தெரியும், வேண்டுமென்றே அடித்தார்கள். அடித்திருக்கலாம். எந்த விலையில் வங்கி கதவைத் தட்டும் என்று தெரிந்தவனுக்கு ஷார்ட் செய்ய ஆசை வராதா என்ன? ஆனா கழுத்தில் கயிற்றை மாட்டினவர் யார் என்றும் கேட்கணும் இல்லையா?

1932 ஏப்ரலில் இரண்டு சம்பவம் நடந்தது. வாஷிங்டனில் செனட் கமிட்டி ஷார்ட் செல்லிங்கை விசாரிக்க ஆரம்பித்தது. சரிவுக்குக் கரடிகள்தான் காரணம் என்று அதிபர் ஹூவர் உறுதியாக நம்பினார், விசாரணைக்கு அழுத்தம் கொடுத்தவரும் அவர்தான். முதல் சாட்சி நியூயார்க் பங்குச்சந்தைத் தலைவர் ரிச்சர்ட் விட்னி. ஷார்ட் செல்லிங் சந்தைக்கு அவசியம் என்று அவர் வாதாடினார். அதே மாதம் சிகாகோவில் மிடில் வெஸ்ட் யுடிலிட்டீஸ் திவாலாகி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. தேடினது கரடியை, விழுந்தது மாடி வீடு.

அடுத்த வருஷம் ஃபெர்டினாண்ட் பெக்கோரா என்ற வழக்கறிஞர் அந்தக் கமிட்டிக்குள் வந்த பிறகுதான் கேள்வியே மாறியது. யார் விற்றார்கள் என்பதை விட்டுவிட்டு, என்ன விற்றார்கள் என்று கேட்டார். 1933 பிப்ரவரியில் இன்சல் கணக்குகளும் மேசைக்கு வந்தன. அதன் விளைவுதான் 1934 பங்குச்சந்தைச் சட்டம், 1935-ல் ஹோல்டிங் கம்பெனிச் சட்டம். இரண்டாவது சட்டம் அந்த மாடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டது. 2005-ல் அதை நீக்க முடிவெடுக்கும் வரை எழுபது வருஷம் மின்சாரத் துறையின் உருவத்தைத் தீர்மானித்தது அதுதான்.

1938-ஐக் கொஞ்சம் கவனிங்க. அந்த வருஷம் ஷார்ட் செல்லிங்குக்குக் கடிவாளம் வந்தது: விலை ஒரு படியாவது ஏறியிருந்தால்தான் ஷார்ட் செய்யலாம். அதே வருஷம் விட்னி கையாடல் வழக்கில் சிங் சிங் சிறைக்குப் போனார். அதே வருஷம், 1934-ல் விடுதலையாகியிருந்த இன்சல் பாரிஸ் மெட்ரோ நிலையத்தில் மாரடைப்பில் செத்துப்போனார்.

கடிவாளம் போட்டாச்சே, மின்சாரப் பங்குகள் எழுந்தனவா? டவ் ஜோன்ஸ் யுடிலிட்டி குறியீடு 1929-ல் 144-ஐத் தொட்டது. தொழிற்துறைக் குறியீடு 1932-லேயே அடிமட்டம் கண்டு திரும்பிவிட்டது. யுடிலிட்டி குறியீடு 1942-ல்தான் அடிமட்டம் கண்டது, பத்து சொச்சத்தில். பழைய உச்சத்தைத் தாண்ட 1960கள் ஆனது. மாடிகளைப் பிரிக்கிற வேலை, அரசே மின்சாரம் தயாரிக்க வந்த போட்டி, போர்க்கால வரி என்று காரணம் பல. ஆனா கரடி மட்டும்தான் காரணம் என்றிருந்தால், கடிவாளம் போட்ட பிறகும் நாலு வருஷம் ஏன் இறங்கணும்?

பிரித்துப் போட்ட பிறகு மிஞ்சினவை சாதுவான கம்பெனிகள். கட்டணத்தை மாநில ஆணையம் நிர்ணயிக்கும், லாபம் அளவாக வரும், டிவிடெண்ட் ஒழுங்காக வரும். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஏற்ற பங்கு என்றே அமெரிக்காவில் பேர். ஆள் மாறினதும் எதிரியும் மாறினான். டிவிடெண்டுக்காக வாங்கப்படுகிற பங்குக்குப் போட்டி அரசுப் பத்திரம். பத்திர வட்டி ஏறினால் இதன் மவுசு குறையும். கம்பெனிகளுக்கே கடன் அதிகம், ஆகவே வட்டி ஏறினால் அந்தப் பக்கமும் அடி. 2023 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் ஆரம்பத்திலும் பத்து வருடப் பத்திர வட்டி 5 சதவீதத்தை நெருங்கினபோது மின்சாரப் பங்குகள் பலமாக விழுந்தன. அப்போது எந்த மின் நிலையமும் நின்றுபோகவில்லை.

எக்ஸ்.எல்.யூ. 1998 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. அதுவரை துறை முழுக்க ஷார்ட் செய்யணும் என்றால் கம்பெனி கம்பெனியாகப் பங்கு இரவல் தேடணும். இப்போ ஒரே ஆர்டர். அதோடு இன்னொரு பெரிய வித்தியாசம். கம்பெனிப் பங்கு எண்ணிக்கை ஓரளவு நிலையானது. ஈ.டி.எஃப். யூனிட் அப்படி இல்லை. உள்ளே இருக்கிற பங்குகளைக் கொண்டுவந்து கொடுத்தால் புது யூனிட் அச்சடித்துத் தருவார்கள், பொதுவாக ஐம்பதாயிரம் யூனிட் கொண்ட கட்டுகளாக. வாங்குகிற கூட்டம் அதிகமானால் மார்க்கெட் மேக்கர் முதலில் விற்றுவிட்டு, யூனிட்டைப் பிறகு உருவாக்கிக் கொடுப்பார். அந்த இடைவெளியில் அவர் கணக்கும் ஷார்ட்தான். அதாவது ஆட்கள் ஆசையாக வாங்குவதாலேயே ஷார்ட் எண் ஏறலாம்! சில்லறை வணிகத் துறையின் எக்ஸ்.ஆர்.டி. ஈ.டி.எஃப்.பில் மொத்த யூனிட்டைவிட ஷார்ட் அதிகமாக இருந்த காலமெல்லாம் உண்டு. அது ஒரு நாளும் இடிந்து விழவில்லை.

இதனால் பழைய பாணி ஷார்ட் செத்துப்போச்சு என்று நினைக்காதீர்கள். 2000 நவம்பரில் ஜிம் சானோஸ் என்ரான் பங்கை ஷார்ட் செய்ய ஆரம்பித்தார். மின்சாரமும் எரிவாயுவும் வாங்கி விற்ற கம்பெனி. கணக்கைப் படித்துப் பார்த்து, இது உள்ளே ஓட்டை என்று முடிவு செய்தார். 2001 டிசம்பர் 2-ல் என்ரான் திவால் மனு போட்டது. ஆடிட்டர் சொல்லாததைக் கரடி சொன்னது. அது ஒரு கம்பெனியைப் பற்றிய தீர்ப்பு. எக்ஸ்.எல்.யூ. ஷார்ட்டில் அந்த மாதிரித் தீர்ப்பைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

அங்கே இருப்பவர்கள் வேற ஆட்கள். வட்டி ஏறும் என்று நினைக்கிறவர், மார்க்கெட் மேக்கர், இவர்களோடு இன்னொருவரும் உண்டு. 2024 செப்டம்பரில் கான்ஸ்டலேஷன் கம்பெனி மூன்று மைல் தீவு அணு உலை ஒன்றைத் திரும்ப ஓட்டி, அந்த மின்சாரத்தை மைக்ரோசாஃப்ட்டுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. டேட்டா சென்டர்களுக்கு மின்சாரம் போதவில்லை என்பதுதான் அன்றைய பேச்சு. இந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்று நம்புகிற ஒருவர் அதன் பங்கை வாங்குவார். வட்டியால் துறையே இறங்கினால் அந்த இழப்பை ஈடுகட்ட, கூடவே எக்ஸ்.எல்.யூ.வைக் கொஞ்சம் ஷார்ட் செய்து வைப்பார். மின்சாரத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை உள்ள ஆள். மாதம் இரண்டு தடவை வருகிற அந்தக் கணக்கில் அவரும் கரடியாகத்தான் எண்ணப்படுகிறார்.