ரஷ்யக் கம்பிக் காசுகள்

ரஷ்யக் கம்பிக் காசுகள் என்பவை, வெள்ளிக் கம்பியைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தட்டையாக்கி, இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சுத்தியலால் அடித்து உருவாக்கப்பட்ட நாணயங்கள் ஆகும். மாஸ்கோவில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திமீத்ரி தன்ஸ்கோயின் ஆட்சியில் தொடங்கிய நாணய அடிப்பு, கையால் அடிக்கும் முறையிலேயே 1718 வரை நீடித்தது. நீள்வட்டமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் இவை 'செதில்கள்' என்றும் அழைக்கப்படுகின்றன.

காசுகளின் விளிம்பை வெட்டியெடுப்பதும் கள்ளக்காசு அடிப்பதும் பெருகியதால், சிறுவனான நான்காம் இவானின் சார்பில் ஆட்சி நடத்திய அவன் தாய் எலேனா கிளின்ஸ்கயா 1535இல் நாடு முழுவதற்கும் ஒரே நாணய முறையை வகுத்தார். அதன்படி ஈட்டியேந்திய குதிரைவீரன் சுமார் 0.68 கிராம் எடையுள்ள கோபெக்கையும், வாளேந்திய குதிரைவீரன் அதில் பாதியான தெங்காவையும், பறவை அதனினும் பாதியான போலுஷ்காவையும் குறித்தன. நூறு கோபெக் ஒரு ரூபிள் எனக் கணக்கிடப்பட்டாலும், ரூபிள் அக்காலத்தில் கணக்கில் மட்டுமே இருந்தது, காசாக அடிக்கப்படவில்லை.

பின்புறத்தில் பல வரிகளில் ஆட்சியாளரின் பெயரும் பட்டமும் பொறிக்கப்பட்டன. நான்காம் இவான் 1547இல் முடிசூடும் முன் அடித்த காசுகளில் 'பேரிளவரசர்' என்னும் பட்டம் மட்டும் இருக்க, பின்னர் 'ஜார்' என்பதும் சேர்ந்தது. அவர் மகன் ஃபியோதரின் காலத்தில் தந்தை பெயரும் இடம்பெற்றது. அச்சு காசைவிடப் பெரிதாக இருந்ததால் எழுத்தின் ஒரு பகுதியே காசில் விழுந்தது. வீரனின் தலை வெட்டுண்டு போயிருந்தாலும், குதிரையின் கால்களுக்குக் கீழே எஞ்சும் ஓரிரு எழுத்துகளைக் கொண்டு பல காசுகளின் நாணயச்சாலையை அடையாளம் காணலாம். 1596இல் நோவ்கோரதில் அடிக்கப்பட்ட சில கோபெக்குகளில் அவ்வாண்டும் எழுத்தெண்களால் குறிக்கப்பட்டுள்ளது.

ஒரு காசின் காலத்தை அறிய அதிலுள்ள பெயர் மட்டும் போதிய சான்றாகாது. 1598இல் இறந்த ஃபியோதரின் பெயரில் 1612இல் யாரொஸ்லாவ்லில் மக்கள் படையினர் கோபெக்குகளை அடித்தனர். நோவ்கோரதைக் கைப்பற்றியிருந்த ஸ்வீடியர்களோ பதவியிழந்த ஜார் வாசிலி ஷூய்ஸ்கியின் பெயரில் அடித்தனர். இவற்றின் எடை முந்தைய கோபெக்குகளைவிடக் குறைவு. மிகயீல் ரோமானவின் காலத்தில் கோபெக் சுமார் 0.48 கிராமாகவும், முதலாம் பேதுருவின் காலத்தில் 1698இல் 0.28 கிராமாகவும் இறங்கியதால், எடை காலத்தை அறியும் அளவுகோலாகிறது. 1655 முதல் 1663 வரை வெள்ளிக் கோபெக்கைப் போலவே செப்புக் கோபெக்குகளும் அடிக்கப்பட்டன; அவற்றை எதிர்த்து 1662இல் மாஸ்கோவில் கலகம் வெடித்தது.

ஒரே முன்புற அச்சு வெவ்வேறு பின்புற அச்சுகளுடன் சேர்ந்திருப்பதைத் தொடர்ந்து, காசுகளின் வரிசையை நிறுவும் அச்சிணைப்பு ஆய்வை நாணயவியலாளர் அ. ஸ. மெல்னிகவா விரிவாக வளர்த்தார். தனிக் காசு காட்டாத முழு வாசகத்தையும், ஒரே அச்சில் பிறந்த பல காசுகளை ஒப்பிட்டே மீட்க முடிகிறது.