நவம்பர் 8-க்கு அப்புறம் லெட்டர் இல்ல

போன ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ண மறந்துட்டேன். திங்கட்கிழமை காலையில பார்த்தா ஏழு மிஸ்டு கால். எடுத்ததும் "உயிரோடதான் இருக்கியா?"ன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க... :-) ஒரு நாளுக்கே இந்தக் கதி. அப்போ எனக்கு ஞாபகம் வந்தவங்க அலெட்டா சல்லிவன்.

அமெரிக்காவுல அயோவா மாநிலம், வாட்டர்லூ ஊர். அலெட்டாவோட கணவர் தாமஸுக்கு ரயில்வேல வேலை. ஜார்ஜ், ஃபிராங்க், ஜோசப், மேடிசன், ஆல்பர்ட்னு அஞ்சு பசங்க, ஒரு பொண்ணு. கடைக்குட்டி ஆல்பர்ட்டுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து ஒரு மாசம்கூட ஆகலை, 1942 ஜனவரி 3-ம் தேதி அஞ்சு பேரும் ஒண்ணா கடற்படையில சேர்ந்தாங்க. ஒரே கப்பல்ல போட்டாத்தான் வருவோம்னு கண்டிஷன் வேற! கிடைச்ச கப்பல் யு.எஸ்.எஸ். ஜூனோ.

கப்பல் எங்க நிக்குது, எங்க போகுதுன்னு மாலுமிகள் வீட்டுக்கு எழுதக்கூடாது. தணிக்கை உண்டு. அந்த வருஷம் ஜூன்ல வி-மெயில்னு ஒண்ணு வேற கொண்டு வந்தாங்க. கடிதத்தைச் சின்னதா ஃபிலிம்ல படம் புடிச்சு அனுப்பி, போய்ச் சேர்ற இடத்துல பிரிண்ட் போட்டுக் குடுப்பாங்க. நம்ம பாஷையில சொன்னா ஜிப் பண்ணி அனுப்புறது. 37 மூட்டை கடிதம் ஒரே மூட்டைக்குள்ள அடங்கிடுமாம்.

இதெல்லாம் கடிதம் எழுத ஆள் இருக்கிற வரைக்கும்தான்.

நவம்பர் 13, குவாடல்கனால் பக்கம் ஜப்பான் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவுல ஜூனோ வெடிச்சு மூழ்கிடுச்சு. சுமார் நூறு பேர் தண்ணியில மிதந்தாங்க. கூட வந்த கப்பல்கள் தங்களுக்கும் அதே கதிதான்னு பயந்து நிக்காம போயிடுச்சு. மேலே பறந்த விமானம் குடுத்த தகவலும் உரிய நேரத்துல போய்ச் சேரலை. கடைசியில மீட்டது பத்தே பேரை. செத்தவங்க 687. மூத்தவன் ஜார்ஜ் சில நாள் படகுல உயிரோட இருந்தான்னு பிழைச்சவங்க சொல்லியிருக்காங்க.

எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு கடற்படை விஷயத்தை வெளியே விடலை. ஆனா அதே ஊர்ல இன்னொரு அம்மாவுக்கு அவங்க பையன்கிட்டேர்ந்து ஒரு கடிதம். அதுல சல்லிவன் பசங்க அஞ்சு பேரும் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டதா எழுதியிருந்தான். ஊர் முழுக்கப் பேச்சு.

1943 ஜனவரியில அலெட்டா கடற்படைக்கு எழுதினாங்க. வதந்தி உண்மையா? கடைசியா வந்த கடிதத்துல நவம்பர் 8-ன்னு தேதி இருந்தது, உண்மையைச் சொல்லிடுங்கன்னு கேட்டாங்க. தொந்தரவு பண்றதுக்கு வருத்தம் வேற தெரிவிக்கிறாங்க! பிப்ரவரியில ஒரு புதுக் கப்பலுக்குப் பேர் வைக்க அவங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. பசங்களுக்கு என்ன ஆகியிருந்தாலும் அதுக்கு வர்றேன், அது அவங்க ஆசைன்னும் எழுதியிருந்தாங்க.

ஜனவரி 12 காலையில கடற்படை ஆளுங்க மூணு பேர் வாசல்ல. யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டார் தாமஸ். அஞ்சு பேருக்கும்தான்.

போர்க்கால ரகசியம் தேவைதான், ஒத்துக்கிறேன். ஆனா ஊர் வாய்க்கு எட்டின சேதி பெத்தவளுக்கு இவ்வளவு லேட்டாவா வரணும்?

ஜூனோவை 2018 மார்ச்ல கடலடியில கண்டுபுடிச்சாங்க. 4 கிலோமீட்டருக்கும் மேல ஆழம்.

சரி மக்களே, பின்னூட்டமெல்லாம் அப்புறம் போடலாம். முதல்ல வீட்டுக்கு ஒரு போன் போடுங்க.