மூடிய கோப்புகளும் பிள்ளைகளின் உரிமையும்



ஆண்டு நிறைவு மலரில் நம் முன்னோரை நினைப்பது வழக்கம். தங்கள் முன்னோர் யாரென்று தெரியாமலேயே வாழும் மக்களைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். நான் வேறொரு நாட்டில் தாதிப் பயிற்சி பெற்று இங்கே வேலை செய்பவள். புதிதாக வரும் ஒவ்வொரு நோயாளியிடமும், "உங்கள் அப்பா, அம்மாவின் குடும்பத்தில் நீரிழிவு, இருதய வருத்தம், புற்றுநோய் யாருக்காவது இருந்ததா?" என்று நாங்கள் கேட்போம். கியூபெக்கில் இதற்கு "தெரியாது, என் தாய் ஒரு தத்துப் பிள்ளை" என்று பதில் சொல்லும் முதியவர்கள் உண்டு. தாயும் இறந்திருப்பார். அவருடைய பிறப்பு விவரம் எங்கோ ஒரு மூடிய கோப்பில் கிடக்கும்.

அந்தக் கோப்பு ஏன் மூடப்பட்டது? அதற்கு நாம் 1845ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். மொன்றியலில் ரோசலி காத்ரோன்-ஜெத்தே என்ற விதவை, திருமணமாகாமல் கருவுற்று வீட்டாரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அந்த ஆண்டில் அடைக்கலம் கொடுக்கத் தொடங்கினார். 1848இல் அந்தப் பணி மிசெரிகோர்ட் சகோதரிகள் சபையாக உருவெடுத்தது. மிசெரிகோர்ட் என்றால் இரக்கம். லொங்குய்ய் நிலையத்தில் மஞ்சள் வழி மெற்றோ ஏறி பெரி-யூகாம் நிலையத்தில் இறங்கினால், அவர்களுடைய பழைய கல் கட்டிடம் நடக்கும் தூரத்தில் ரெனே-லெவெக் வீதியில் இருக்கிறது.

இரக்கத்தோடு வெட்கமும் அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தது. தாய்மாரை உண்மைப் பெயரால் அழைக்காமல் வேறு பெயர்கள் கொடுத்தார்கள். பணம் கட்ட முடியாதவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே வேலை செய்து கடனைத் தீர்த்தார்கள். பல குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவில் "பெற்றோர் அறியப்படாதவர்" என்று எழுதப்பட்டது. பெற்ற தாய் பக்கத்து அறையில் இருக்க, புத்தகத்தில் அவள் இல்லை.

1924இல்தான் கியூபெக்கில் முதல் தத்தெடுப்புச் சட்டம் வந்தது. தத்து உறுதியானதும் பிள்ளைக்குப் புதிய பெற்றோரின் பெயர் கிடைக்கும். பழைய கோப்பு இரகசியமாகும். தத்தெடுக்க யாரும் வராத பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். 1940களிலும் 50களிலும், முதலமைச்சர் டுப்லெசியின் காலத்தில், ஆரோக்கியமான ஆயிரக்கணக்கான பிள்ளைகளை மனநோயாளிகள் என்று எழுதி மனநல நிறுவனங்களில் வைத்தார்கள். "டுப்லெசி அநாதைகள்" என்று அறியப்பட்ட அவர்களிடம் 1999இல் முதலமைச்சர் லூசியன் பூஷார் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இந்த நிறுவனங்களில் பலவற்றை நடத்தியது திருச்சபை. அடைக்கலம் கொடுத்ததும் திருச்சபையின் கைதான், பெயரை மறைத்ததும் திருச்சபையின் கைதான். சபை வரலாறு எழுதும் நாம் இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பின்னர் வந்த சட்டம் சிறிது இடம் கொடுத்தது: பெற்றவரும் பிள்ளையும் இருவரும் சம்மதித்தால் பெயர் வெளிவரலாம். ஆனால் பெற்ற தாய் சம்மதம் தராமல் இறந்துபோனால் சம்மதிக்க ஆளில்லை. கோப்பு மூடியது மூடியபடியே. இதை மாற்றத் தத்துப் பிள்ளைகள் பல ஆண்டுகள் அமைப்புகளாகச் சேர்ந்து போராடினார்கள். 2017இல் புதிய சட்டம் நிறைவேறி, 2018 ஜூன் 16 முதல் நிலைமை மாறியது. பெற்றவர் இறந்து ஓராண்டு கடந்திருந்தால் அவருடைய பெயரை அறியலாம். 2022இல் தன் தோற்றத்தை அறியும் உரிமை கியூபெக்கின் மனித உரிமைச் சாசனத்திலேயே எழுதப்பட்டது. 2024 ஜூன் முதல் அந்த வழி இன்னும் விரிவடைந்தது.

தத்துப் பிள்ளையே இறந்திருந்தால்? அவருடைய சொந்த மகனோ மகளோ அவர் இடத்திலிருந்து விண்ணப்பிக்கலாம். கியூபெக்குக்குள் நடந்த தத்துக்குப் பிரதேச சுகாதார, சமூக சேவை நிலையங்களும், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு மாகாண அரசின் தனிச் செயலகமும் பொறுப்பு. கடுமையான நோய் ஆபத்து இருந்தால் வைத்தியர் வழியாக மருத்துவத் தகவல் பெறவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பெயரை அறிவது வேறு, ஒருவரைத் தொடர்புகொள்வது வேறு. தொடர்பு வேண்டாம் என்று சொல்பவரின் சொல்லுக்கும் மதிப்பு உண்டு.

இது பிரெஞ்சுக்காரரின் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இலங்கையில் பிள்ளைகளைத் தத்தெடுப்பதற்கான கட்டளைச்சட்டம் 1941இல் வந்தது. 1970களிலும் 80களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குக் கொடுக்கப்பட்டார்கள். பல கோப்புகளில் தாயின் பெயரே பொய் என்பது பின்னர் தெரியவந்தது. தாயாக நடிக்க வேறு பெண்களைக் கூலிக்கு அழைத்து வந்திருந்தார்கள். 2020இல் சுவிற்சர்லாந்து அரசு இதற்காக வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்புகளை நிறுத்திவைத்தது. கோப்பைத் திறக்கும் உரிமை கிடைத்தாலும் உள்ளே எழுதியிருப்பது பொய்யானால் அந்த உரிமையால் என்ன பயன்? தாதிப் பயிற்சியின் முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தருவார்கள்: செய்ததை எழுது, உள்ளதை உள்ளபடி எழுது. ஒரு தவறான வரி நோயாளியின் உயிரையே எடுக்கலாம். பிறப்புப் பதிவும் அப்படித்தான்.

பிள்ளைகளே, வேதத்தில் மோசேயைப் பார்வோனின் மகள் வளர்த்தாள். எஸ்தரை மொர்தெகாய் வளர்த்தார். வளர்த்தவரின் அன்பும் சொல்லப்பட்டிருக்கிறது, பிறந்த குடும்பமும் மறைக்கப்படவில்லை. ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை. எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமல் ஆசாரிய ஊழியத்தை இழந்தவர்களையும் வாசித்துப் பாருங்கள். ஒரு பதிவு தொலைந்தால் ஒரு குடும்பம் எவ்வளவு இழக்கும் என்பது அங்கே தெரியும்.

நம் குடும்பங்களிலும் யுத்தத்தில் தாய் தகப்பனை இழந்து, மாமியோ சித்தப்பாவோ எடுத்து வளர்த்த பிள்ளைகள் உண்டு. பலருக்கு எந்த நீதிமன்றக் காகிதமும் இல்லை. அவர்களுடைய கோப்பு பெரியவர்களின் ஞாபகம் மட்டுமே. அதைத் திறக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. ஆகவே பெரியவர்களே, பெற்றவரின் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, என்ன வருத்தத்தால் இறந்தார் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளே, அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் இந்த ஞாயிறே கேட்டு எழுதத் தொடங்குங்கள். ஒருநாள் உங்கள் மகளிடம் ஒரு தாதி அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, அவளிடம் பதில் இருக்கட்டும்.