அப்பத்தாவின் காசும் நாலு சதவீத வினிகரும்

எட்டாவது படிக்கும்போது, மருங்காபுரியில் அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து எனக்கு ஒரு செப்புக்காசு கிடைத்தது. கட்டைவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் காளை மாதிரி ஏதோ ஒன்று. மறுபக்கம் பச்சைக் களிம்புக்குள் இரண்டு வரி எழுத்து, அதில் ‘ஸ்ரீ’ மட்டும் தெரிந்தது. மீதியைப் படிச்சே ஆகணும்னு ஆசை. பாத்ரூம் ஆசிட்டில் தண்ணீர் கலந்து, ‘கொஞ்சமாத்தானே ஊத்தியிருக்கோம்’ என்ற தைரியத்தில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் சிவப்பாக ஒரு வெற்றுத் தகடு. எழுத்தும் இல்லை, காளையும் இல்லை.

மருங்காபுரி மதுரை நாயக்கர் காலப் பாளையங்களில் ஒன்று, பின்னாளில் ஜமீன். நாயக்கர் செப்புக்காசுகள் இந்தப் பக்கம் புழங்கியதில் வியப்பில்லை. திருச்சி வழக்கறிஞர் டி. தேசிகாச்சாரி 1933ல் ‘சவுத் இந்தியன் காயின்ஸ்’ என்று ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். அந்த இரண்டு வரி இருந்திருந்தால், அது மாதிரி ஒரு நூலை வைத்துக்கொண்டு யார் வெளியிட்ட காசு என்று தேடியிருக்கலாம். இப்போது எதை வைத்துத் தேடுவது?

நான் எங்கே தப்பு செய்தேன்? முதலில் கணக்கைப் பார்ப்போம். நீர்க்கச் செய்வது எளிது: முன்பிருந்த செறிவு × அளவு = பின்பு வேண்டிய செறிவு × அளவு. பாட்டிலில் 4 சதவீதம் என்று போட்ட வினிகர் 100 மில்லி இருக்கிறது, 1 சதவீதமாக வேண்டும் என்றால் மொத்தம் 400 மில்லி ஆகணும். அதாவது 300 மில்லி தண்ணீர் சேர்க்க வேண்டும். (கடுமையான அமிலம் என்றால் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. சூடேறித் தெறிக்கும்.)

ஆனால் இந்தச் சமன்பாடு இன்னொன்றையும் சொல்கிறது. முன்பும் 4 கிராம் அமிலம், பின்பும் அதே 4 கிராம். தண்ணீர் சேர்த்தால் வேகம்தான் குறையும், கரைக்கும் திறன் அப்படியே இருக்கும். 4 கிராம் அசிட்டிக் அமிலம் ஏறக்குறைய மூன்றரை கிராம் செம்புக் களிம்பைக் கரைத்துவிடும். என் தகட்டின் எடை இன்று இரண்டு கிராம்கூட இல்லை!

களிம்பு அழுக்குதானே, போனால் போகட்டும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். மண்ணில் நெடுநாள் கிடந்த காசில் மேல்தோலே களிம்பாக மாறியிருக்கும், எழுத்தின் வடிவம் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் நிற்கும். தோலைக் கரைத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். அப்பத்தா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார், அதுவும் நீர்த்த அமிலம்தான். ஆனால் விளக்கில் கறுப்பு மெல்லிய படலம், அடியில் திடமான பித்தளை. அதனால் ஒன்றும் ஆகாது.

பாத்ரூம் ஆசிட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலுள்ள குளோரைடு செம்பில் தங்கிவிட்டால், ஈரமும் காற்றும் சேர்ந்து அங்கேயே மறுபடி அமிலம் உண்டாகும், அது மறுபடி அரிக்கும். வெளிர்பச்சைத் தூளாக உதிரும் இதை ‘வெண்கல நோய்’ என்கிறார்கள்.

இந்த நோயோடு மல்லுக்கட்டியவர்களில் முன்னோடி, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன். 1930களில் அங்கே வேதியியல் ஆய்வகத்தை நடத்திய அவர், வெண்கலச் சிலைகளைச் சுத்தம் செய்ய மின்பகுப்பு முறையைக் கையாண்டார். சிலையை நீர்த்த காரக் கரைசலில் எதிர்மின்வாயாக வைத்து மெதுவாக மின்சாரம் செலுத்துவது. குளோரைடு வெளியேறும், களிம்பு மறுபடி உலோகமாகும். அமிலத்துக்கு நேர்எதிரான காரத்தை அவர்கள் எடுத்ததுதான் எனக்குப் பாடம். அந்த முறையையும் இன்று கண்டபடி பயன்படுத்துவதில்லை, மேல்தோலைக் காப்பதே முதல் வேலை என்ற எண்ணம் வந்துவிட்டது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழங்காசு இருந்தால் எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். சுத்திகரித்த நீர், மென்மையான பிரஷ், பக்கவாட்டில் வெளிச்சம் வைத்து ஒரு போட்டோ, இவ்வளவு போதும். படிக்க முடியாத எழுத்தை நாளைக்கு வேறொருவர் படிக்கலாம். கரைந்துபோன எழுத்தை யாராலும் படிக்க முடியாது.

அந்தத் தகடு இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது.