உலர்வலயக் காட்டின் ஓர்க்கிட்: வன்டா டெசலாட்டா

கிரானுக்கு மேற்கே குடும்பிமலை நோக்கி விரியும் காடு இலங்கையின் உலர்வலயத்தைச் சேர்ந்தது. இவ்வலயத் தாழ்நிலக் காடுகளுக்குரிய ஓர்க்கிட் இனங்களில் ஒன்று வன்டா டெசலாட்டா. இந்தியா, பங்களாதேஷ், மியன்மார் ஆகிய நாடுகளிலும் இது வளர்கிறது.

தோற்றம்
இலைகள் ஒடுங்கித் தடித்தவை. மஞ்சள் கலந்த பச்சை இதழ்களில் கபிலக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடும்; பெயரிலுள்ள 'டெசலாட்டா' என்ற இலத்தீன் சொல் அதையே குறிக்கிறது. நடுவிதழ் ஊதா நிறம். பூவுக்கு நறுமணம் உண்டு.

வாழிடம்
மரக்கிளைகளில் பற்றி வளர்ந்தாலும் இது குருவிச்சை அல்ல. குருவிச்சை மரத்தின் சாற்றை உறிஞ்சும். இது தங்க மட்டுமே இடம் கேட்கும். காற்றில் தொங்கும் வேர்களின் பஞ்சுபோன்ற உறை மழைநீரைப் பிடித்துக்கொள்ளும். மாரிமழையில் சேர்த்த ஈரத்தைக் கொண்டு நீண்ட வரட்சியைக் கடக்கும்.

இனப்பெருக்கம்
ஒரு காயில் தூசி போன்ற ஏராளமான விதைகள் இருக்கும். அவற்றில் உணவுச் சேமிப்பு இல்லை. உரிய பங்கசு சேர்ந்தால்தான் முளைக்கும். முளைத்த செடி பூக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

பாதுகாப்பு
வேர் வாதநோய் மருந்துக்காகவும், செடி அழகுக்காகவும் பிடுங்கப்படுகின்றன. ஓர்க்கிட்களின் சர்வதேச வர்த்தகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் மரம் விழுந்தால் எந்தச் சட்டமும் உதவாது. 2007 போரில் இடம்பெயர்ந்து மீண்ட மக்கள் பற்றை மூடிய காணிகளைத் துப்புரவாக்கியே வாழ்வைத் தொடங்க வேண்டியிருந்தது. இனித் துப்புரவாக்கும்போது எல்லையோரத்து முதிர்ந்த மரமொன்றையாவது விட்டுவைத்தால், வீட்டுக்கு நிழலும் ஓர்க்கிட்டுக்கு இடமும் மிஞ்சும்.