கலப்பில் பிறந்த கடலை

கலப்பில் பிறந்தது மலடாகும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அதற்குக் கோவேறு கழுதையைச் சாட்சிக்கு அழைப்போர் நம்மவரிலும் உளர். அச்சாட்சியை மறுக்கும் வேறொரு சாட்சி, காகிதச் சுருளில் பொதிந்து அவர் கைக்கே வருவதை அவர் அறியார். அதுவே நிலக்கடலை. இந்நாட்டில் கச்சான் என்கிறோம்; தென்னார்க்காட்டார் மணிலாக்கொட்டை என்பர். ஆயினும் மணிலாவும் அதன் பிறப்பிடமன்று. பொலிவியாவின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடமேற்கும் அடுத்துள்ள நிலமே அதன் தாயகம்.

அங்கே டுரானென்சிஸ், இபாயென்சிஸ் என்னும் இரு காட்டுக் கடலைகள் உள. இவை விதையை மண்ணுக்குள்ளேயே முதிர விடுவதால் தாமாக நெடுந்தூரம் பரவ மாட்டா. ஆதலின், ஏறத்தாழ 10,000 ஆண்டுகட்கு முன் இவற்றை அருகருகே சேர்த்தவர் அந்நிலத்து ஆதிக்குடிகளே என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

அடுத்து நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ளச் சிறிது கணக்கு வேண்டும். இரண்டு செடிகளின் உயிரணுவிலும் குரோமோசோம் என்னும் நுண்ணிழைகள் 20 உண்டு. அவை 10 இணைகள். மகரந்தமும் சூலும் உண்டாகுங்கால் ஒவ்வோர் இழையும் தன் துணையைத் தேடிச் சேர்ந்து, பின் பக்கத்திற்கு ஒன்றாகப் பிரியும். பெரட்டில் ஆட்களை இருவர் இருவராக நிறுத்தி, இருவரையும் வெவ்வேறு நிரைக்கு அனுப்புவதை ஒத்தது இது. கலப்புச் செடியிலோ தாயின் 10, தந்தையின் 10. ஒன்றற்கொன்று சரியான துணையன்று. துணையற்ற இழைகள் தாறுமாறாகச் சிதறும், மகரந்தம் பதராகும். மலட்டுத்தன்மைக்குக் காரணம் இவ்வளவே. இதில் சாபமும் இல்லை, தீட்டும் இல்லை.

ஆனால் அரிதாக, பிரிய வேண்டிய இழைகள் பிரியாமலே நின்றுவிடும். அவ்வாறு 20 இழைகளும் இரட்டித்து 40 ஆயின. இப்பொழுது ஒவ்வோர் இழைக்கும் தன்னைப் போன்ற துணை ஒன்று கிடைத்தது. மலடு நீங்கிற்று, நிலக்கடலை பிறந்தது. 1933-லும் 1936-லும் ஹஸ்டெட் என்பார் கடலையின் 40 இழைகளை எண்ணி, பெரும்பாலும் அவை இணையிணையாகவே சேர்வதைக் கண்டு எழுதினார். 2016-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி, அவற்றுட் பாதி இபாயென்சிஸின் இழைகளோடு ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதைக் காட்டிற்று.

இந்த நற்பேற்றுக்குக் குடியானவன் ஒரு விலை கொடுத்தான். 40 இழையுடைய கடலை, 20 இழையுடைய காட்டு உறவினரோடு கலந்தால் பிறப்பது 30. அது மறுபடியும் மலடு. ஆகவே இலைப்புள்ளி நோயும் துரு நோயும் வயலை அழிக்கையில், அவற்றைத் தாங்கவல்ல காட்டினங்கள் பக்கத்திலிருந்தும் அவற்றின் வலிமை பயிருக்கு எளிதில் வந்து சேரவில்லை.

வழி திறந்தது ஒரு நஞ்சினால். நம் கார்த்திகைக் கிழங்கிலும் உள்ள கால்சிசின், இழைகளை இரட்டிக்கச் செய்யும் என்பது 1937-ல் தெரிந்தது. பிரேசில், அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதனைக் கொண்டு அவ்விரு காட்டுச் செடிகளின் மலட்டுக் கலப்பினை 40 இழையுடையதாக்கினர். 2006-ல் அதை வெளியிட்டனர். அச்செடி காய்த்தது, பயிர்க்கடலையோடு கலந்தபோது பிறந்த செடிகளும் காய்த்தன.