வெயிலும் மாரத்தான் ஓட்டமும்

மனித தேகத்தின் சகிப்புத்தன்மைக்கு இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கிறது என்னும் உண்மையை, மாரத்தான் ஓட்டத்தின் சரித்திரம் பெருந்துயரங்களின் வாயிலாகவே கற்றுக்கொண்டது.

1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் தொடங்கிய பிற்பகலில், ஓடும்போது நீர் அருந்துவது தேகத்துக்குக் கேடு என்ற தவறான சித்தாந்தம் வலுவாக நிலவியமையால், புழுதி மண்டிய அந்த நீண்ட பாதையில் தண்ணீருக்குச் செய்யப்பட்டிருந்த ஏற்பாடு மிகவும் சொற்பமாகவே இருந்தது. புறப்பட்ட 32 பேரில் 14 பேரே ஓட்டத்தை முடித்தனர். முதற்பரிசு பெற்ற தாமஸ் ஹிக்ஸோ, கேட்ட நீர் மறுக்கப்பட்டு, எட்டிக்கொட்டையின் விஷச்சத்தாகிய ஸ்ட்ரிக்னைனை முட்டையின் வெண்கருவோடும் பிராந்தியோடும் உட்கொண்ட நிலையில், துணைவர்கள் தாங்கிப் பிடிக்க, பிரக்ஞை மங்கியவராய் இலக்கை அடைந்தார்.

1912-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி, குளிர்தேசமெனப் பெயர்பெற்ற ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானின்போது வெயில் உக்கிரமாகக் காய்ந்ததால், ஓடியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வழியிலேயே விலகினர். லிஸ்பன் நகரத்துத் தச்சுத் தொழிலாளியான பிரான்சிஸ்கோ லாசரோ மயங்கி விழுந்து மறுநாள் காலமானார்.

வியர்வை ஆவியாகும்போதுதான் தேகம் குளிர்கிறது. நீர் குறைந்தால் அந்தப் பாதுகாப்பும் குன்றுகிறது. இதனை உணர்ந்தே, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான், வெப்பம் கருதி வடக்கேயுள்ள சப்போரோ நகருக்கு மாற்றப்பட்டு, காலை வேளையில் நடத்தப்பெற்றது. வீரர்களின் உயிரைக் காப்பதே பந்தயம் நடத்துவோரின் முதற்கடமை. அக்கடமையை மறந்த போட்டி எத்துணை கீர்த்தி பெற்றாலும் தர்மமாகாது.